படத்துக் குதிரைக்கு நாயின் ஓட்டம்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் தீட்டப்பட்ட வேட்டை ஓவியங்களில் குதிரைகள் பெரும்பாலும் ஒரே கோலத்தில் பாயும். முன்னங்கால்கள் இரண்டும் ஒருசேர முன்னே நீண்டிருக்கும். பின்னங்கால்கள் இரண்டும் பின்னே நீண்டிருக்கும். ஹென்றி ஆல்கன் (1785–1851) வரைந்த நரிவேட்டைக் காட்சிகள் இதற்கு நல்ல சான்று. குதிரைகளுடன் ஓடும் வேட்டைநாய்களும் அப்படியே கால்களை விரித்துப் பாய்கின்றன. இவற்றில் நாயின் பாய்ச்சல் சரி. குதிரையின் பாய்ச்சல் தவறு.

குதிரையின் உடலை ஓவியர்கள் அறியாமல் இல்லை. ஜார்ஜ் ஸ்டப்ஸ் லிங்கன்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் மாதக்கணக்காகத் தங்கி, செத்த குதிரைகளை அறுத்து ஆராய்ந்து, 1766-இல் குதிரை உடற்கூறு நூலை வெளியிட்டவர். அவரும்கூட பந்தயக் குதிரைகளைக் கால் விரித்தே வரைந்தார். செத்த உடல் எலும்பையும் தசையையும் காட்டும், ஓட்டத்தைக் காட்டாது. ஓடும் கால்களோ கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மாறுகின்றன.

1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை ஓடுபாதை ஓரமாக வரிசையாக வைத்தார். பாதையின் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட, கேமராக்கள் ஒவ்வொன்றாக இயங்கின. படங்கள் காட்டிய உண்மை இது: நாலுகால் பாய்ச்சலில் குதிரை அந்தரத்தில் இருக்கும் நொடியில் அதன் கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கிக் குவிந்திருக்கின்றன. விரிந்திருக்கும் நேரத்தில் ஒரு குளம்பாவது தரையில் ஊன்றியிருக்கும்.

நாயின் கதை வேறு. கிரேஹவுண்ட், நம் சிப்பிப்பாறை போன்ற ஒல்லியான வேட்டைநாய்களின் முதுகு வில்லைப் போல வளைந்து நிமிரும். அதனால் அவை முழு வேகத்தில் ஒரே பாய்ச்சல் சுற்றில் இருமுறை தரையை விட்டு எழுகின்றன: கால்கள் குவிந்து ஒருமுறை, விரிந்து ஒருமுறை. கனத்த குடலைச் சுமக்கும் குதிரையின் முதுகு விறைப்பானது. அது அவ்வளவு வளையாது.

மைபிரிட்ஜின் படங்களை 1881-இல் பாரிஸ் ஓவியர் மேசோனியே தன் வீட்டுக்குக் கலைஞர்களை அழைத்துக் காட்டினார். ஓவியர் தெகாவும் அவற்றைப் பார்த்துக் குதிரைகளை வரைந்து பழகினார். விரிந்த கால் குதிரை மெல்ல ஓவியங்களிலிருந்து விலகியது.

அதற்காகப் பழைய வேட்டை ஓவியங்களைப் பிழை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நாயிடம் கண்ட பாய்ச்சலையே குதிரைக்கும் கொடுத்திருக்கலாம் என்று கருதிய அறிஞர்கள் உண்டு. ஓட்டத்தைப் பிடிக்கும் கேமரா பிறப்பதற்கு முன்பே, வெறுங்கண்ணால் வேட்டைநாயின் ஓட்டத்தைச் சரியாக வரைந்த அந்தக் கைகள் நம் மதிப்புக்குரியவை.