பின்னோக்கி ஒரு முன்னேற்றம்

புதியது யாவும் பழையதைவிட மேலானது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. கடைக்காரர் புதியது என்று சொல்லிவிட்டால் மறு கேள்வியின்றி வாங்கி விடுகிறோம். ஆனால் கணினி உலகில் ஒரு காலகட்டத்தில் இவ்வெண்ணம் தலைகீழானது. புதியதை அழித்துவிட்டுப் பழையதை நிறுவிக்கொண்ட மக்கள், அதையே முன்னேற்றம் என்று கருதி மகிழ்ந்தனர்.

கணினியின் உறுப்புகளை ஒருங்கிணைத்து நம் கட்டளைகளை நிறைவேற்றித் தருவது இயங்குதளம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளியாயிற்று. அதன் வாரிசான விஸ்டா 2007 ஜனவரி 30 அன்று பொதுமக்கள் கைக்கு வந்தது. தோற்றத்தில் பேரழகு, நடையிலோ பெருந்தளர்ச்சி!

காரணம் யாது? எக்ஸ்பி இயங்க 64 மெகாபைட் நினைவகம் போதுமாயிருந்தது. விஸ்டாவோ குறைந்தது 512 மெகாபைட் கேட்டது. அதன் முழுப் பொலிவையும் காண 1 கிகாபைட் வேண்டும். நன்கு உழைத்து வந்த அச்சுப்பொறிகள் பல, ஏற்ற இயக்கி மென்பொருள் இன்றி வாளாவிருந்தன. தொட்டதற்கெல்லாம் அனுமதி கோரும் அறிவிப்பும் பயனாளரைச் சலிப்புறச் செய்தது.

விஸ்டாவின் பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளுடன் கணினி வாங்கியோர், அதே உரிமத்தைக் கொண்டு எக்ஸ்பி புரொஃபஷனலுக்குத் திரும்பலாம் என நிறுவனமே இடமளித்தது. இல்லங்களுக்கான பதிப்புகளை வாங்கியோருக்கு இச்சலுகை இல்லை. குறைகள் பலவற்றைக் களைந்து 2009 அக்டோபர் 22 அன்று விண்டோஸ் 7 வந்த பின்னரே இச்சலசலப்பு அடங்கியது.

அப்படியானால் பழையதே என்றும் நல்லதா? இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 2007இல் எக்ஸ்பிக்குத் திரும்பியவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைத்தன. 2014 ஏப்ரல் 8 அன்று அந்தக் காவல் விலக்கப்பட்டது. 2017 மே மாதம் வானாக்ரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தள்ளிப்போயின. கைவிடப்பட்டிருந்த எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டிய நிலை அன்று ஏற்பட்டது.

இன்றும் அதே கேள்வி நம் இல்லங்களில் எழுகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறியவர், பொதுவாகப் பத்து நாட்களுக்குள் எளிதில் பழையதற்குத் திரும்பலாம். ஆயினும் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்யாமல் அவ்வாறு திரும்புவது, கதவற்ற வீட்டில் குடியேறுவதற்கு ஒப்பாகும். வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் உள்ள கணினியாயின் ஆபத்து இரட்டிப்பாகும்.

எனவே அன்பர்களே! வேகம் குறைந்தால் முதலில் நினைவகத்தைக் கூட்ட இயலுமா எனப் பாருங்கள். இயங்குதளத்தை மாற்றத்தான் வேண்டுமெனில், கோப்புகள் அனைத்தையும் தனி வட்டில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று சோதித்த பின்னரே கை வையுங்கள். நீங்கள் திரும்பிச் செல்லும் பதிப்புக்கு இன்னும் திருத்தங்கள் வருகின்றனவா என்றும் விசாரியுங்கள். வருமாயின், பழையதற்குத் திரும்புவதில் வெட்கப்பட ஏதுமில்லை.