கரடிக்கு ஒரு வேலை வேண்டும்

தேன்கரடிக்கு மேல்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு வெட்டுப்பற்கள் கிடையாது. கரையானை உறிஞ்சுவதற்கென்றே அமைந்த இடைவெளி அது. நீண்ட நகங்களால் புற்றைப் பெயர்க்கும். மூக்குத் துளைகளை இறுக மூடிக்கொண்டு மண்ணை ஊதித் தள்ளும். பிறகு உதடுகளைக் குவித்து, பல்லில்லாத அந்த வழியாகக் கரையான்களை உள்ளே இழுக்கும். அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஒரு புற்று முடிந்தால் அடுத்த புற்று. நடுவே நாவல், இலந்தை, சரக்கொன்றைக் காய், தேனடை. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி தேடுவதிலேயே போய்விடும்.

இதே கரடிக்கு உயிரியல் பூங்காவில் கஞ்சியும் பழமும் வேளாவேளைக்கு வந்துவிடுகின்றன. சில நிமிடங்களில் வயிறு நிறைந்துவிடும். மீதி நாளை அது என்ன செய்யும்?

நடக்கும். கம்பி ஓரமாக இந்த முனையிலிருந்து அந்த முனைவரை; அங்கே தலையை ஒரே மாதிரி திருப்பி மறுபடி இந்த முனைக்கு. “பாரு, எவ்வளவு சுறுசுறுப்பா நடக்குது!” என்று நாம் குழந்தைக்குக் காட்டுவோம். பயனேதுமின்றி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதை விலங்கியலாளர்கள் வாழ்விடம் சரியில்லை என்பதன் அடையாளமாகவே பார்க்கிறார்கள். கிளி தன் இறகைத் தானே பிடுங்குவதும் குரங்கு தன் முடியைப் பறிப்பதும் பெரும்பாலும் இதைச் சேர்ந்தவை. சங்கிலியில் நிற்கும் யானை இடமும் வலமுமாக ஆடுவதை மேளத்துக்குத் தாளம் போடுகிறது என்று ரசிக்கிறோமே, அதுவும் இதுதான்.

1994இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உயிரியல் பூங்காவில் கஸ் என்ற பனிக்கரடி செய்தித்தாள்களில் அடிபட்டது. தன் குளத்தில் எட்டு வடிவத்தில், மணிக்கணக்காக, ஒரே தடத்தில் நீந்திக்கொண்டே இருந்தது. பூங்கா ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது.  மீனைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துப் போட்டார்கள். உணவை ஒளித்து வைத்தார்கள். விளையாட்டுப் பொருள்கள் தந்தார்கள். கஸ் உடைத்தது, தேடியது, தள்ளி விளையாடியது. அந்த நீச்சல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அடியோடு நின்றுவிடவில்லை.

இவ்வாறு விலங்கின் நாளைச் செயலால் நிரப்பும் முயற்சியைச் செறிவூட்டல் என்கிறார்கள். விலங்குகளுக்கு இரக்கப்பட்டு யாரோ கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று இதை எண்ணிவிடக் கூடாது. இதன் அடியில் இருப்பது வியப்பான ஓர் உண்மை.

1963இல் க்ளென் ஜென்சன் என்ற உளவியலாளர் 200 வெள்ளை எலிகளுக்கு ஒரு விசையை அமுக்கித் தீனி பெறக் கற்றுக்கொடுத்தார். பிறகு கூண்டுக்குள்ளேயே ஒரு கிண்ணம் நிறைய அதே தீனியை வைத்தார். உழைக்காமல் தின்னலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனாலும் பெரும்பாலான எலிகள் கிண்ணத்தை விட்டுவிட்டு விசையிடம் போய்த் தங்கள் தீனியில் ஒரு பங்கையாவது உழைத்தே பெற்றன. பின்னர் புறா, கோழி, குரங்கு, கரடி என்று பல உயிர்களிடமும் இதே போக்கைக் கண்டார்கள். வீட்டுப் பூனை மட்டும் பொதுவாகக் கிண்ணத்தையே நாடுகிறது.

இலவசத்தை விட்டு உழைப்பை நாடுவது ஏன்? எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் இது: தேடும் விலங்கு உணவை மட்டும் பெறுவதில்லை, எங்கே என்ன கிடைக்கும் என்ற அறிவையும் பெறுகிறது. இன்று பழுத்திருக்கும் மரம் நாளை வெறுமையாகலாம். வயிறு நிறைந்த வேளையிலும் அடுத்த மரத்தை எட்டிப் பார்த்த விலங்குதான் பஞ்சத்தில் பிழைத்திருக்கும். அதனால் தேடும் ஆர்வம் பசியிலிருந்து தனித்து நிற்கிறது. வயிற்றை நிரப்பினாலும் அது அடங்குவதில்லை.

உணவுக்கு உழைக்கும் வாய்ப்பை உயிரியல் பூங்காவுக்குள் துணிந்து கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஹால் மார்க்கோவிட்ஸ். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து பூங்காவில், கிப்பன் குரங்குகள் விளக்கு எரிந்ததும் ஒரு நெம்புகோலை இழுத்து, பிறகு கூண்டின் மறுகோடிக்கு ஊஞ்சலாடிப் போனால்தான் உணவு என்று ஏற்பாடு செய்தார். கைகளால் கிளைக்குக் கிளை தாவவே பிறந்த அந்தக் குரங்குகளுக்குத் தாவ ஒரு காரணம் கிடைத்தது.

தேன்கரடிக்கு என்ன செய்யலாம்? ஆக்ராவில் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. மூக்கில் துளையிட்டுக் கயிறு கட்டித் தெருத்தெருவாக ஆட்டுவிக்கப்பட்ட கரடிகளை வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற அமைப்பு மீட்டு அங்கே வைத்திருக்கிறது. கயிறு அவிழ்ந்த பின்னும் அப்படிப்பட்ட கரடிகளிடம் ஆட்டம் லேசில் போவதில்லை. பழைய தெருவின் அசைவு உடம்பில் தங்கிவிடுகிறது. அவற்றுக்குக் கொடுக்கும் பொருள்களில் ஒன்று மிக எளியது: துளையிட்ட மரக்கட்டைக்குள் தேன். கரடி கட்டையை உருட்டும், நகத்தால் நோண்டும், உறிஞ்சும். கரையான் புற்றில் பயன்பட வேண்டிய நகமும் உதடும் பல் இடுக்கும் மறுபடி வேலைக்கு வருகின்றன.

பெரும்பூனைகளுக்கு வாசனையே செய்தித்தாள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவில் 24 வாசனைத் திரவியங்களைச் சிவிங்கிப்புலிகளிடம் வைத்துப் பார்த்தபோது, ஒரு குறிப்பிட்ட ஆண்கள் சென்ட்டை அவை சராசரியாக 11 நிமிடம் மோந்துகொண்டும் உரசிக்கொண்டும் இருந்தன. புனுகின் மணத்துக்குக் காரணமான சிவெட்டோனின் செயற்கை வடிவம் அதில் இருப்பதே ஈர்ப்புக்குக் காரணம் என்று கருதுகிறார்கள். ஃபிளமிங்கோ எனும் பூநாரைகளின் கதை வேறு. கூட்டம் சிறியதாக இருந்தால் அவை இனப்பெருக்கத்தில் நாட்டம் காட்டாது. எதிரே கண்ணாடிகளை நிறுத்தினால், பிம்பங்களையும் சேர்த்துப் பெரிய கூட்டம் என்று எண்ணி அணிவகுப்பு நடனத்தைத் தொடங்கிவிடும்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், செறிவூட்டல் பயனின்றித் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களைச் சுமார் 53 விழுக்காடு நேர்வுகளில்தான் குறிப்பிடத்தக்க அளவு குறைத்திருந்தது. நேற்றுப் புதிதாக இருந்த கட்டை இன்று பழகிவிடும். காப்பாளர் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இடத்துக்கு ஈடாகவும் இது நிற்காது. ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003இல் காட்டியது இது: காட்டில் பரந்து திரியும் ஊனுண்ணிகளே அடைப்பில் அதிகம் நடந்து தவிக்கின்றன, குட்டிகளை அதிகம் இழக்கின்றன. பனிக்கரடிக்குப் பூங்கா தரும் இடம், அது இயற்கையில் பயன்படுத்தும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சில விலங்குகளை அடைத்து வைக்கவே கூடாது என்பதுதான் என் முடிவு. உயிரியல் பூங்காக்களில் யானை கூடாது என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009இல் உத்தரவிட்டது சரியான முடிவு.

அடைப்பில் ஏற்கனவே இருப்பவற்றுக்கு நாமும் உதவலாம். அடுத்த முறை வண்டலூருக்கோ வேறு பூங்காவுக்கோ போகும்போது கல் எறியாதீர்கள், கத்தி அழைக்காதீர்கள், தின்பண்டம் வீசாதீர்கள். விலங்கு புதருக்குள் மறைந்திருந்தால் காசு வீணாயிற்று என்று கோபப்படாதீர்கள். மறைந்துகொள்ள வழியிருப்பதும் அதன் நலத்தில் சேர்த்திதான். காப்பாளர் அருகில் இருந்தால், “இன்னைக்கு இதுக்கு என்ன வேலை கொடுத்தீங்க, அண்ணா?” என்று கேளுங்கள். பார்க்க வருகிறவர்கள் கேட்கக் கேட்கத்தான் பூங்காக்களும் அதற்கு ஆளும் பணமும் ஒதுக்கும்.