ஆக்சிஜன் சென்சார் எங்கே இருக்கிறது? பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

செகந்திராபாத் கன்டோன்மென்ட் பகுதியிலிருந்து மேட்சல் நோக்கி வடக்கே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது போவன்பள்ளி. காய்கறி மொத்தச் சந்தையால் பெயர்பெற்ற ஊர். சந்தைக் கழிவிலிருந்து உயிர்வாயு தயாரிக்கும் நிலையமும் இங்கு உண்டு. நெரிசல் மிகுந்த இந்தச் சாலையையே நம்பி வாழும் வாடிக்கையாளர்களுள் பலர், புதிய காரின் விலை கைக்கு எட்டாத நிலையில், ஏழெட்டு ஆண்டு ஓடிய பெட்ரோல் கார்களை வாங்கக் கடன் கோருகின்றனர். பதிவுச் சான்று, காப்பீடு, முந்தைய கடன் தீர்ந்ததற்கான ஆவணம் ஆகியவற்றை நாம் சரிபார்க்கிறோம். வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பது வங்கியின் வேலையன்று. ஆனால் கடன் தவணையைப் பாதிக்கக்கூடிய ஒரு சிறு கருவி அங்கேதான் இருக்கிறது.

அதன் பெயர் ஆக்சிஜன் சென்சார். பெருவிரல் அளவே உள்ள அது புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எஞ்சினை ஆளும் கணினி இவ்விகிதத்தை மதிப்பிட்டே எரிபொருளைச் செலுத்துகிறது. மதிப்பீடு சரிதானா என்பதைச் சொல்வது புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜன். சென்சாரின் முனையிலுள்ள சிர்கோனியா என்னும் பீங்கான், வெளிக்காற்றின் ஆக்சிஜனையும் புகையின் ஆக்சிஜனையும் ஒப்பிட்டு மின்னழுத்தம் தருகிறது. எரிபொருள் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவில், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவில். இதைப் பார்த்துக் கணினி எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் கொண்டேயிருக்கும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இச்சென்சார், 1976இல் அமெரிக்கச் சந்தைக்கான வோல்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது.

கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது இருக்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும். சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்திற்கு மேல்தான் அந்தப் பீங்கான் நம்பத்தக்க அளவைத் தரும். ஆகையால் தொடக்க காலச் சென்சார்கள் எஞ்சினை ஒட்டியே பொருத்தப்பட்டன. பின்னர் உள்ளேயே மின்சூடேற்றி வைக்கப்பட்டதால் சற்றுத் தள்ளி வைக்க முடிந்தது. ஆயினும் தொலைவுக்கு எல்லை உண்டு. தள்ளிப்போகப் போக, எஞ்சினில் எரிந்த புகை சென்சாரை அடையத் தாமதமாகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் இது பெரிதாகத் தெரியாது. சிக்னலில் நிற்கும்போதோ, ஊர்ந்து செல்லும்போதோ புகையின் ஓட்டம் மெதுவாக இருப்பதால் தாமதம் கூடுகிறது. பழைய செய்தியை நம்பிக் கணினி திருத்தம் செய்ய, எஞ்சின் சீரின்றி ஓடுகிறது.

மிக அருகில் வைப்பதும் பிழையே. நான்கு சிலிண்டர்களுள் ஒன்றன் வாயிலிலேயே சென்சாரை வைத்தால் அந்த ஒன்றின் செய்தி மட்டுமே கணினிக்குக் கிட்டும். மற்ற மூன்றும் அதன்படியே நடத்தப்படும். ஒரே கிளையின் கணக்கைப் பார்த்து வங்கி முழுவதன் இருப்பையும் முடிவு செய்வதற்கு இது ஒப்பாகும். எனவேதான் நான்கு குழாய்களும் ஒன்றுகூடும் இடத்தை ஒட்டி, கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்பாக முதல் சென்சார் வைக்கப்படுகிறது. அதுவும் குழாயின் மேற்பாதியில், சற்றுச் சாய்வாக. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது குழாயில் நீர்த்துளிகள் திரளும். சூடான பீங்கானின்மீது அவை பட்டால் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

எல்லாவற்றினும் தீங்கானது சென்சாருக்கு முன்பாக அமையும் கசிவு. புகை வெளியே வருவதுதான் கசிவு என நாம் நினைக்கிறோம். உண்மையில் புகை துடிப்புத் துடிப்பாகச் செல்வதால், இரு துடிப்புகளுக்கிடையே வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படுகிறது. அந்த ஆக்சிஜனைக் கண்ட சென்சார் ‘காற்று மிகுதி’ என்று அறிவிக்க, கணினி தேவையற்ற பெட்ரோலைச் செலுத்துகிறது. மிகுந்த பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதையும் கெடுக்கிறது.

நம் வாடிக்கையாளர் ஒருவருக்கு நேர்ந்தது இதுவே. அலுவலக ஊழியர்களை ஏற்றிச்செல்லும் தொழில் அவருடையது. அவர் வாங்கிய காரின் முந்தைய உரிமையாளர், துருப்பிடித்த முன்குழாயைக் கன்வர்ட்டருடன் அறுத்தெடுத்துவிட்டு வெறுங்குழாய் ஒன்றைப் பற்றவைத்திருந்தார். சென்சார் ஒரு முழம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சரியாகப் பொருந்தாத இணைப்பு ஒன்றுக்கு அப்பால் இருந்தது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தர வேண்டிய வண்டி 13தான் தந்தது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் அவருக்கு 29 லிட்டர் கூடுதல் செலவு. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் ஹைதராபாத்தில் மாதம் ஏறத்தாழ 3,000 ரூபாய். மூன்றாண்டுத் தவணைக் காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். வண்டி இழுக்கவில்லை என்று ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் அவர் மாற்றிக்கொண்டிருந்தார். சென்சாரையும் புதிதாக மாற்றினார். அது பழைய இடத்திலேயே பொருத்தப்பட்டதால் பயனில்லை. குழாயைச் சரிசெய்த பின்னரே மைலேஜ் மீண்டது.

கன்வர்ட்டரை ஏன் அறுக்கிறார்கள்? அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் உள்ளன. பழையதற்கும் விலை உண்டு. அடைத்துக்கொண்டால் புதிது வாங்குவதைவிட நீக்குவது மலிவு. நம் நாட்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஹைதராபாத்தில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2010 ஏப்ரலில் வந்தன. 2013 ஏப்ரல் முதல் கன்வர்ட்டரின் செயலையும் வண்டியே கண்காணிக்க வேண்டும் என்றானது. கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சாரின் வேலை அதுதான். முதலாவதன் வேலையைச் சரிபார்க்கும் தணிக்கையாளர் எனலாம். கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் இதன் அளவு அதிகம் ஏறி இறங்காது. முதல் சென்சாரைப் போலவே இதுவும் ஆடினால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அணைக்கவே, இரண்டாவது சென்சாருக்கு அடியில் ஒரு சிறு நீட்டுக்குழல் செருகிப் புகையோட்டத்திலிருந்து அதை விலக்கிவைக்கும் தந்திரம் சில பட்டறைகளில் நடைபெறுகிறது. இத்தகைய வண்டி பார்வைக்குக் குறையற்றதாகவே தோன்றும்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். கன்வர்ட்டர் இருக்கிறதா, அதற்கு முன்னும் பின்னும் சென்சார் உண்டா, குழாயில் புதிய பற்றவைப்புத் தழும்பு தெரிகிறதா, சென்சாரின் அடியில் நீட்டுக்குழல் உள்ளதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரிந்து, கிளப்பிய பின் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாத விளக்கு ஐயத்திற்குரியது. ஸ்கேனரை இணைத்து எரிபொருள் திருத்த அளவைக் கேளுங்கள். கூட்டலோ கழித்தலோ, 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. எஞ்சின் சூடேறிய பின்னும் 20ஐத் தொட்டால் காரணம் தெரியாமல் வாங்க வேண்டாம்.

விற்பவர் காட்டும் புகைச் சோதனைச் சான்றையும் வெறுமனே மடித்து வைத்துவிடாதீர்கள். பாரத் ஸ்டேஜ் 4 முதலான பெட்ரோல் கார்களுக்கு, எஞ்சின் நிமிடத்திற்கு 2,500 சுற்றளவில் ஓடும்போது ‘லாம்டா’ என்னும் அளவையும் எடுக்க விதி உண்டு. அது 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருக்க வேண்டும். சான்று பழையதாயின், உங்கள் கண்ணெதிரே ஒருமுறை சோதித்துத் தரும்படி கேட்பது முறையே.