பத்து வயதுப் பெண்ணுக்கு என்ன உடை வாங்குவது?

பத்து வயதுப் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போயிருக்கிறீர்களா? போனவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்!

ஐந்து வயதுக் குழந்தைக்கு வாங்குவது சுலபம். கவுன் வாங்கலாம். பூப் போட்ட சட்டை வாங்கலாம். எதைப் போட்டாலும் அழகுதான். இருபது வயதுப் பெண் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்வாள். நடுவில் இருக்கும் பெண்தான் திண்டாடுகிறாள். குழந்தைக் கவுன் அவளுக்கு ஏறாது. பெரியவர்கள் உடை பொருந்தாது.

என் தங்கை குடும்பம் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் இருக்கிறது. அவள் மகளுக்கு வயது பத்து. சென்ற ஆண்டு தீபாவளிக்குத் துணி எடுக்க நாலு பேர் புறப்பட்டோம். தங்கை, அவள் மகள், என் தாயார், நான்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். காவிரிப் பாலத்தைத் தாண்டி மெயின்கார்டு கேட்டில் இறங்கினோம். தெப்பக்குளம், என்.எஸ்.பி. சாலை, பெரிய கடை வீதி, சின்னக் கடை வீதி எல்லாம் ஜனசமுத்திரம்! புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர் என்று சுற்றுப்பக்கத்து ஜனங்கள் எல்லோரும் தீபாவளித் துணிக்கு மலைக்கோட்டை அடிவாரத்துக்குத்தான் வருகிறார்கள்.

ஒரு கடைக்குள் நுழைந்தோம்.

"பாப்பாவுக்கு என்ன வயசு, அக்கா?" என்று விற்பனைப் பையன் கேட்டான்.

"பத்து."

அவன் ஒரு கவுனை எடுத்து விரித்தான். 9-10 என்று சீட்டு தொங்கியது. குழந்தை போட்டுப் பார்த்தாள். கை மேலே போகவில்லை. அக்குளில் பிடித்தது.

"அடுத்த அளவு காட்டு தம்பி" என்றாள் தங்கை.

அடுத்த அளவு வேறு மாதிரி இருந்தது. முதுகு முழுவதும் திறப்பு. கழுத்துக்குப் பின்னால் இரண்டு நாடா, நுனியில் குஞ்சம். தோளில் பெரிய ஓட்டை. மார்பில் கண்ணாடிக் கல்.

"இதுதான் இப்போ பேஷன்!" என்றான் பையன்.

என் தாயார் அதைக் கையில் வாங்கவே இல்லை. "கல்யாணப் பெண்ணுக்கா கேட்டோம்?" என்றார்.

குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு நிமிஷம் நின்றாள். கழுத்தைச் சொறிந்தாள். பிறகு, "மாமா, இதைப் போட்டுக்கிட்டு உட்கார முடியலை" என்றாள்.

நாலு கடை ஏறி இறங்கினோம். நாலிலும் இதே கதை!

முன்பு படிகள் இருந்தன

நம் பாட்டிமார் காலத்தில் இந்தச் சங்கடம் கிடையாது. சிறு குழந்தைக்குக் கவுன். கொஞ்சம் வளர்ந்தால் பாவாடை சட்டை. பெரியவளானால் தாவணி. அதற்குப் பிறகு சேலை. படிப்படியாக ஏறினார்கள். யாரும் யோசிக்க வேண்டியதே இல்லை.

அந்தப் படிகள் இப்போது இல்லை. பள்ளிக்கூடத்திலேயே தாவணி போய், பெரிய வகுப்புப் பெண்களுக்குச் சல்வார் கமீஸ் வந்துவிட்டது. அது நல்லதுதான். சைக்கிளில் போகிற பெண்ணுக்குத் தாவணியைவிட அது எவ்வளவோ சௌகரியம். ஆனால், பாவாடை சட்டை இருந்த இடத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. பெரிய பெண்களின் உடையையே குட்டியாகத் தைத்து மாட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் தாய்மார்கள் பெரிய கூச்சலே போட்டார்கள். அரசாங்கம் ரெக் பெய்லி என்பவரை நியமித்து விசாரிக்கச் சொன்னது. 2011-ம் ஆண்டு அவர் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டில் அங்குள்ள பெரிய கடைக்காரர்கள் கூடி, குழந்தைகளுக்கு எப்படிப்பட்ட உடை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று தங்களுக்குள் விதி எழுதிக்கொண்டார்கள்.

சீட்டில் இருக்கும் வயது

9-10 என்று சீட்டு சொல்கிறது. பத்து வயதுக் குழந்தைக்கு ஏன் அது போதவில்லை?

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அளவு. பின்னல் ஆடை திருப்பூரிலிருந்து வரும். சிறுவர் உடை கொல்கத்தாவின் மெட்டியாபுரூசிலிருந்து வரும். மும்பையிலிருந்தும் வரும். ஒருவர் அளவு மற்றவருக்கு ஒத்துவராது.

நம் நாட்டு ஜனங்களின் உடம்பை அளந்து, நமக்கென்று ஓர் அளவு முறை உண்டாக்க மத்திய ஜவுளித் துறை முன்வந்தது. 'நிப்ட்' என்ற ஆடை வடிவமைப்புக் கல்லூரி அந்த வேலையை ஏற்றது. 2018-ம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திட்டம் இது. ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்க வேண்டும். ஆனால், யாரை? 15 வயது முதல் 65 வயது வரை உள்ளவர்களை! பத்து வயதுப் பெண் அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஆகையால் சீட்டை நம்பாதீர்கள். குழந்தையை நம்புங்கள். உடையைப் போட்டதும் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். குனியச் சொல்லுங்கள். எங்காவது பிடித்தால் வேண்டாம். எதையாவது இழுத்து மூடிக்கொண்டாலும் வேண்டாம். இந்த வயதில் சில பெண்களுக்கு உடம்பு வளர ஆரம்பித்திருக்கும். வெட்கத்தில் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். உள்ளே ஒரு பருத்தி ஷிம்மி வாங்கிக் கொடுங்கள். நாலு பேர் முன்னால் கடையில் வைத்து அதைப் பேசாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடையைப் பார்த்துத்தான் கெட்டவன் கெடுதல் செய்கிறான் என்று சிலர் குழந்தையிடமே சொல்கிறார்கள். அது தவறு. கெடுதல் செய்தவன்தான் குற்றவாளி. குழந்தை ஓடவும் ஆடவும் வசதியாக இருக்கிறதா என்பதற்காகத்தான் உடையைப் பார்க்கிறோம். அவளைப் பயமுறுத்துவதற்கு அல்ல.

கம்பி மத்தாப்பு

இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதற்கு முந்தைய தீபாவளிக்கு இதே குழந்தைக்கு வலைத் துணியில் ஒரு கவுன் வாங்கியிருந்தார்கள். தரையைப் பெருக்கும் நீளம். அடுக்கு அடுக்காகக் குடை மாதிரி விரிந்திருக்கும். வாசலில் கம்பி மத்தாப்பு கொளுத்தினாள். ஒரு பொறி விழுந்தது. ரூபாய்க் காசு அளவு ஓட்டை விழுந்து, ஓரம் சுருண்டு உருகியது. என் தாயார் வாசல் தெளிக்கும் வாளியை அப்படியே தூக்கிக் கொட்டிவிட்டார். நல்ல வேளை, தோலில் படவில்லை. அன்றிலிருந்து வலைத் துணி என்றாலே எங்கள் வீட்டில் நடுக்கம்.

பருத்தியும் எரியும். தொளதொளவென்று தொங்கினால் எந்தத் துணியும் ஆபத்துதான். ஆனால் பாலியெஸ்டரும் நைலானும் உருகும். உருகியது தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் பிய்த்து எடுக்கக் கூடாது. இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, உடனே டாக்டரிடம் போக வேண்டும். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் குழந்தைக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கிற பருத்தி உடை போதும்.

கழுத்து நாடாவும் லேசான விஷயம் அல்ல. சறுக்கு மரத்திலும் பஸ் கதவிலும் நாடா சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். குழந்தைகளின் தலைமூடியில் இழுப்பு நாடா வைக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 1976-ம் ஆண்டே சட்டம் வந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடையில் கழுத்துப் பக்கம் நாடாவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. திருப்பூரிலிருந்து அங்கே போகும் உடைகளை இந்த விதிப்படிதான் தைக்கிறார்கள். நம் வீட்டுக் குழந்தைக்கு அந்த விதி வேண்டாமா?

கோயிலும் கோர்ட்டும்

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கோயிலுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது?

2015-ம் ஆண்டு இது கோர்ட்டுக்கே போனது. ஒரு கிராமக் கோயில் விழாவில் ஆடல் பாடல் நடத்த அனுமதி கேட்டு வழக்குப் போட்டார்கள். மதுரைக் கிளை நீதிபதி, கோயிலுக்கு வருகிறவர்களின் உடைக்கே விதி சொல்லிவிட்டார்! பெண்களுக்குச் சேலை, தாவணி, மேலாடையுடன் சுடிதார். குழந்தைகளுக்கு உடம்பை முழுவதும் மூடிய உடை. 2016 ஜனவரி 1-ந் தேதி முதல் அமல் என்று கோயில்களில் பலகை தொங்கியது. அந்த மாதமே இரு நீதிபதிகள் அந்த உத்தரவுக்குத் தடை போட்டார்கள். என் தாயார் கோர்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அவரிடம் எப்போதும் ஒரே விதி: பாவாடை சட்டை.

டக்கு பிடித்த பாவாடை

கடைசியில் அதுதான் ஜெயித்தது!

ரெடிமேட் வேண்டாம் என்று துணியாகவே வாங்கினோம். உறையூர் பக்கத்தில் இருக்கும்போது துணிக்குப் பஞ்சமா? சுமார் 2,000 வருஷங்களுக்கு முன் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய குறிப்பில் 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய துணி வருகிறது. அந்த ஊர் உறையூர்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

கெட்டிச் சாயம் போட்ட கைத்தறித் துணி எடுத்தோம். நிறத்தைக் குழந்தையே பொறுக்கினாள். பாட்டி பச்சை என்றார். அவள் ஊதா என்றாள். ஊதாதான் வாங்கினோம்.

ஸ்ரீரங்கத்தில் தெரிந்த தையற்காரரிடம் கொடுத்தோம். அவர் முதலில் கையை விரித்தார். "புரட்டாசி பிறந்ததும் கொண்டு வந்திருக்க வேண்டாமா அம்மா? இப்போ வந்து நிக்கிறீங்களே!" என்றார். என் தாயாரின் முகத்துக்காக வாங்கி வைத்துக்கொண்டார்.

பாவாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டவில்லை. பாடி வைத்துத் தைக்கச் சொன்னோம். பாரம் தோளில் நிற்கும். ஓடினாலும் நழுவாது. கீழே மூன்று டக்கு. அரை அங்குல டக்கு ஒன்றைப் பிரித்தால் ஓர் அங்குலம் நீளம் கிடைக்கும். இந்த வயதுப் பெண் வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை அங்குலம் வளர்கிறாள். வளர்ச்சி வேகமெடுக்கும் வருஷத்தில் மூன்று அங்குலம்கூட வளர்வாள். மூன்று டக்கு இருந்தால் அடுத்த தீபாவளி வரை கவலை இல்லை. சட்டைக்குப் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைத்தால், வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம்.

துணியும் கூலியும் சேர்த்துப் பார்த்தபோது, கடையில் பார்த்த கண்ணாடிக் கல் கவுனின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

குழந்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சட்டையில் பை வேண்டும் என்றாள். பையன்கள் சட்டையில் பை இருக்கிறது, எனக்கு ஏன் இல்லை என்று கேட்டாள். நியாயமான கேள்வி! தையற்காரரும் தலையாட்டினார்.

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி உடை வந்தது. பாவாடை சரியாக இருந்தது. பாடி சரியாக இருந்தது. பை மட்டும் இல்லை! அவசரத்தில் மறந்துவிட்டார். என் தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மிச்சத் துணியில் ஒரு துண்டை வெட்டிக் கையாலேயே தைத்துக் கொடுத்தார்.