ஆபரேஷன் முடிந்த அன்றே நடக்கச் சொல்வது ஏன்?

எடை குறைப்பு அறுவை முடிந்து சில மணி நேரம்தான் ஆகியிருக்கும். நர்ஸ் வந்து, "எழுந்து நாலடி நடங்க" என்பார். ஈவிரக்கமில்லையா என்று தோன்றும். ஆனால் காலில் உள்ள இரத்தத்தை மேலே தள்ளும் பம்ப்பே கெண்டைக்கால் தசைதான். அது சும்மா கிடந்தால் இரத்தம் தேங்கி உறையலாம். உறைந்த கட்டி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உடல் பருத்தவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல்.

1990களில் டென்மார்க் மருத்துவர் ஹென்றிக் கெலெட், குடல் அறுவைக்காக வகுத்த, சீக்கிரம் தேறவைக்கும் வழியின் ஒரு பகுதி இது. அதே வழியில், வலிக்கு மார்ஃபினைக் குறைத்து, பாராசிட்டமால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். மார்ஃபின் குடலை மந்தமாக்கும், குமட்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவருக்கு மூச்சை இன்னும் தணித்துவிடும்.

தண்ணீரும் அன்றே உண்டு, மருந்துக் கிண்ணத்தில் சிறு சிறு மடக்காக. வயிற்றை வெட்டிக் குறுக்கும் அறுவை என்றால், வயிறு இப்போது வாழைப்பழம்போல ஒடுங்கிய குழாய்தானே!