உடம்புச் சூட்டில் ஓடும் பழைய வாட்ச்: மல்லாங்கிணறு வெயிலில் சார்ஜ் ஏறுமா?

சாவி கொடுக்க வேண்டாம், செல் மாத்த வேண்டாம். கையில் கட்டினால் போதும், உடம்புச் சூட்டிலேயே முள் ஓடும். 1980, 90-களில் நிஜமாகவே இப்படிச் சில வாட்ச்கள் வந்தன. வெளிநாட்டில் இருந்து யாரோ வாங்கி வந்த அப்படி ஒரு வாட்ச் உங்க வீட்டு பீரோவில் நின்றுபோய்க் கிடக்கிறதா? ரிப்பேருக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

யார் தயாரித்தது?

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புலோவா நிறுவனம் 'தெர்மட்ரான்' வாட்சைக் கொண்டுவந்தது. 1998-ல் ஜப்பானின் சீகோ 'தெர்மிக்'கை வெளியிட்டது. அடுத்து சிட்டிசன் 'எகோ-டிரைவ் தெர்மோ'வை இறக்கியது. 1961-ல் நம்ம ஹெச்எம்டி பெங்களூருவில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியபோது கைகொடுத்த அதே சிட்டிசன்தான்.

எப்படி ஓடுகிறது?

இரண்டு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால் மின்சாரம் பிறக்கும். 1821-ல் ஜெர்மன் விஞ்ஞானி சீபெக் கண்டறிந்த விளைவு இது. வாட்சில் உலோகத்துக்குப் பதிலாக பிஸ்மத் டெல்லூரைடு என்ற குறைகடத்தி இருக்கும். பின்மூடி மணிக்கட்டுச் சூட்டை வாங்கும். மேல்பகுதி அதைக் காற்றில் விடும். நடுவில் பிறக்கும் மின்சாரம் உள்ளே இருக்கும் ரீசார்ஜ் செல்லில் சேரும்.

சீகோ தெர்மிக்கில் கிடைப்பது 22 மைக்ரோவாட் மட்டுமே. 9 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்றை எரிக்க இப்படி 4 லட்சம் வாட்ச் வேண்டும்! ஆனால் முள்ளை நகர்த்த இதுவே தாராளம்.

வெயிலில் என்ன சிக்கல்?

இதற்குத் தேவை சூடு அல்ல, சூட்டின் வித்தியாசம். மணிக்கட்டுத் தோலின் வெப்பம் சுமார் 32 முதல் 34 டிகிரி. ஜப்பான் குளிரில் காற்று 10 டிகிரி என்றால் நல்ல இடைவெளி இருக்கும். சித்திரை மதியம் மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் நின்றால் காற்றே 38 டிகிரி! சூடு கையில் இருந்து வாட்சுக்குப் போகாமல், வாட்சில் இருந்து கைக்கு வரும். சார்ஜ் ஏறாது. நல்ல வாட்சைக்கூட 'போச்சு' என்று நினைக்க வைப்பது இதுதான்.

மீண்டும் ஓட வைக்க முடியுமா?

பல நேரம் முடியும். மின்சாரம் தரும் பாகத்தில் அசையும் பொருள் எதுவும் இல்லை; அது சீக்கிரம் தேயாது. பெரும்பாலும் முதலில் சாவது ரீசார்ஜ் செல்தான்.

* முதலில் பின்மூடியில் உள்ள பெயரைப் பாருங்க. வெறும் 'எகோ-டிரைவ்' என்றால் வெளிச்சத்தில் சார்ஜ் ஆவது. 'கைனெடிக்' என்றால் கை அசைவில் சார்ஜ் ஆவது.
* விடியற்காலையிலோ ஏசி அறையிலோ சில நாள் கட்டிப் பாருங்க. முழுக்கைச் சட்டை வாட்சை மூடக் கூடாது. ஃபேன் காற்று பட்டால் இன்னும் நல்லது.
* வெயிலில் வைப்பது, வெந்நீரில் போடுவது எல்லாம் வேண்டாம். வாட்ச் முழுதும் ஒரே சூடாகிவிட்டால் மின்சாரமே வராது. ரப்பர் வளையமும் செல்லும்தான் கெடும்.
* அப்படியும் ஓடாவிட்டால் செல்லை மாத்தணும். கடையில் கிடைக்கும் சாதாரண பட்டன் செல்லைப் போட விடாதீங்க. ரீசார்ஜ் ஆகாத செல்லுக்கு சார்ஜ் ஏறினால் கசிந்து உள்பாகத்தை அரித்துவிடும். அந்த மாடலுக்கான ரீசார்ஜ் செல்லைத்தான் கேட்கணும்.

செல் மாத்திய பிறகும் கோடையில் வாட்ச் மக்கர் பண்ணினால் பதற வேண்டாம். மார்கழிக் காலையில் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.