வலிக்குச் செவிசாய்த்த வைத்தியர்



"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை; வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள்." தீராத நோயாளியின் குடும்பத்தார் கேட்க நேரும் மிகக் கொடிய சொற்கள் இவை. இச்சொற்களை ஏற்க மறுத்துத் தமது வாழ்நாளையே அர்ப்பணித்தவர் இங்கிலாந்தின் வைத்தியர் சிசிலி சோண்டர்ஸ் ஆவார்.

1918 இல் பிறந்த அவர் முதலில் தாதியாகப் பயின்றார். முதுகு வருத்தத்தினால் அப்பணியைக் கைவிட்டு, வைத்தியசாலைச் சமூக சேவையாளரானார். மரணத் தறுவாயில் உள்ளோரைக் கைவிடுவோர் வைத்தியர்களே என்றும், வைத்தியராகிப் பேசினாலே பிறர் செவிமடுப்பர் என்றும் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் அவருக்கு எடுத்துரைத்தார். முப்பது வயதைக் கடந்த பின் மருத்துவம் கற்கப் புகுந்து, 1957 இல் வைத்தியரானார்.

அக்காலத்தில், நோயாளி அடிமையாகிவிடுவார் என்ற அச்சத்தினால், அவர் வலியால் துடித்த பின்னரே மோர்பின் வழங்கப்பட்டது. சோண்டர்ஸோ, 1958 முதல் இலண்டன் சென் ஜோசப் இல்லத்தில், வலி மீண்டும் தலைதூக்கும் முன்னரே குறித்த நேரத்தில் மருந்தைக் கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விபரங்களைப் பதிந்து ஆராய்ந்தார். அளவறிந்து ஒழுங்காகக் கொடுத்தால் வலி தணியும், நோயாளி தெளிவுடன் உறவினரோடு உரையாடவும் முடியும் என்பதை எடுத்துக்காட்டினார்.

வலி உடலோடு நின்றுவிடுவதில்லை. மனக்கலக்கம், குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் பற்றிய ஏக்கம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இதனையே அவர் 'முழுமையான வலி' என அழைத்தார். 1967 இல் அவர் நிறுவிய சென் கிறிஸ்தோபர் இல்லத்தில் பராமரிப்பு, ஆராய்ச்சி, கற்பித்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே நடைபெற்றன. 1969 இல் வீடு தேடிச் செல்லும் சேவையும் ஆரம்பமாயிற்று.

மருத்துவ ஒழுக்கவியலில் அவரது நிலைப்பாடு தெளிவானது. நோயாளியின் உயிரை வேண்டுமென்றே முடிப்பதை அவர் எதிர்த்தார். பயனற்ற சிகிச்சைகளால் மரண வேதனையை நீட்டிப்பதையும் அவர் விரும்பவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே வலி தணித்து உடனிருக்கும் வழியொன்று உண்டு என்பதே அவரது போதனை. 2005 இல், தாம் நிறுவிய அதே இல்லத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நோயாளி படுத்திருக்கலாம். எங்கே வலிக்கிறது, எது கவலை தருகிறது என அவரிடம் கேளுங்கள். அவர் கூறுவதை வைத்தியரிடம் எடுத்துச் சொல்லி, வலி தணிக்கும் மருந்தைத் தயங்காது கேட்டுப் பெறுங்கள். குணப்படுத்த இயலாத நிலையிலும் நாம் செய்ய வேண்டியவை ஏராளம் உண்டு.